வெட்டிவேர் பூத்த சரிவு

ஒரு புல்லின் பூவை அறுத்துவிடும்படி ஐந்து பெண்களிடம் சொன்னேன். நான் செய்த தவறு அங்கேதான் தொடங்கியது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே, பூ இல்லாத நாற்றைப் பார்த்து ‘இது விதை பிடிக்காத வகை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோதே தொடங்கிவிட்டது. பூவை அறுக்கச் சொன்னது அந்தக் கையெழுத்தை மறைப்பதற்கு. அதன் பிறகு செய்தது எல்லாவற்றையும் மறைப்பதற்கு. அந்தக் கடைசிக் காரியத்தால் ஒரு பெண், தன்னோடு வேலை செய்த ஒருவரிடமும் பதினெட்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார். அவர் செய்யாத தவறை அவர் செய்ததாக எழுதியவன் நான்.

நான் தாவரவியல் படித்தவன். முதுகலை வரை படித்தும் கல்லூரி வேலை கிடைக்கவில்லை. தெற்கத்திக்காரனான நான் நெய்வேலிக்கு வந்தது, உறவினர் ஒருவர் மைன்ஸில் பர்மனென்ட் என்பதால். அவருக்கு டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸ், வாசலில் வேப்பமரம், பின்கட்டில் வாழை. எனக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு ஒரு மாடி அறை. மண்மேடுகளில் செடியும் புல்லும் நட்டுக்கொடுக்கும் ஒரு தனியார் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வை வேலை கிடைத்தது. ஒரு வருடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சேர்ந்தேன். இப்போதும் மந்தாரக்குப்பத்தில்தான் இருக்கிறேன்.

நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை எடுத்துத்தான் கரியை எடுக்க முடியும். எடுத்த மண்ணை மலை மாதிரிக் குவிப்பார்கள். அது பழைய மண் அல்ல. எந்தக் காலத்திலும் வெயிலைப் பார்க்காத ஆழத்து மண், மேலே வந்து கிடக்கும். சிவப்பு, மஞ்சள், இடையில் கறுப்பு. புழுவும் இராது, வேரும் இராது. முதல் மழையிலேயே சரிவு முழுக்கக் கோடு கோடாக அரித்துவிடும். அரித்த மண் கீழே இருக்கும் பாதைக்கும் வாய்க்காலுக்கும் வந்து சேரும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு புல் வேண்டும்.

அதற்கு வெட்டிவேரைப் போல வேறொன்று இல்லை. இதை நான் வேலைக்காகச் சொல்லவில்லை. மாணவனாக இருந்த நாளிலிருந்தே எனக்குப் பிடித்த தாவரம் அது. ஒருமுறை வேர் பிடித்தால் பல வருடம் இருக்கும். அறுகைப் போலத் தரையில் ஓடிப் பரவாது. தர்ப்பையைப் போல மண்ணுக்கடியில் தண்டு விட்டு அடுத்த வயலில் தலைகாட்டாது. நட்ட இடத்திலேயே தூர் கட்டி, பக்கத்துத் தூரோடு நெருங்கி நிற்கும். இலையின் அடிப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விசிறி மாதிரித் தட்டையாக இருக்கும். இலை நீண்டது, விறைப்பானது, நடு நரம்பு முதுகெலும்பு போலப் புடைத்தது. ஓரத்தில் விரலை ஓட்டினால் லேசாகச் சுரசுரக்கும். ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். சரிவில் இறங்கும் தண்ணீரின் வேகத்தை அந்தத் தூர்களின் வரிசை தடுக்கும். தண்ணீர் வடிந்து போகும், மண் தங்கிவிடும். மண் தங்கித் தூரை மூடினாலும் செத்துப்போகாது. மூடிய கணுவிலிருந்து புதிய வேர் விட்டு மேலே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் வேர். பக்கத்தில் அலையாமல் கீழே, கீழே என்று கிணறு வெட்டுகிறவனைப் போல இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இதில் இரண்டு வகை உண்டு. தெற்கே நெடுங்காலமாகப் பயிர் செய்துவரும் வகை அரிதாகத்தான் பூக்கும், பூத்தாலும் விதை பிடிக்காது. தூரைப் பிரித்து மனிதன் கையால் நட்டால்தான் உண்டு. வேர் தடிமனாக நேராக இறங்கும். வடக்கே ஆற்றோரங்களில் தானாக வளரும் வகை பூத்து, விதை பிடித்து, பரவும். அதன் வேர் அவ்வளவு ஆழம் போவதில்லை, பக்கவேர்கள் அதிகம். எங்கள் வேலைக்கு முதல் வகைதான் வேண்டும். சரிவுக்கும் அதுதான் நல்லது, சுற்றியுள்ள வயல்களுக்கும் அதுதான் நல்லது. விதை பறந்து போய் யாருடைய கொல்லையிலும் களையாக முளைக்கக் கூடாது.

அந்த வருடம் தெற்கத்தி நாற்று போதுமான அளவு கிடைக்கவில்லை. மழைக்கு முன்பு நட்டாக வேண்டும். தூரத்து நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து லாரி நிறைய நாற்று வந்து இறங்கியது. இலையையும் வேரையும் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் கட்டுக்கட்டாகக் கட்டியிருந்தார்கள். அப்படி வெட்டிய நாற்றில் எந்த வகை என்று பார்த்துச் சொல்வது எனக்கு மட்டுமல்ல, எவருக்கும் கடினம். ‘தெரியவில்லை’ என்று எழுதியிருக்கலாம். ஒரு கட்டை எடுத்துத் தனியே நட்டு, பூக்கிறதா என்று ஒரு வருடம் பார்த்திருக்கலாம். ஒப்பந்தக்காரர் பக்கத்தில் நின்று, “இன்னா சார், சரக்கு சரிதான?” என்றார். நான் ஒரு தூரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படித்தவன் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். “சரிதான்” என்றேன். தாளில் வகையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நடவுக்கு வந்தவர்கள் ஐந்து பெண்கள். அவர்களுக்கு மூத்தவர், வரிசை பிடித்துக் கயிறு கட்டி வேலை வாங்குகிறவர், கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். எல்லோரும் அவரை மேஸ்திரியம்மா என்போம். பிறந்த ஊர் கடற்கரைப் பக்கம், மணற்பாங்கான ஊர். அங்கே வெட்டிவேர்தான் பயிர். சின்ன வயதிலிருந்தே வேர் தோண்டி, அலசி, கட்டுக் கட்டியவர். கட்டைப் பிரித்த உடனே ஒரு தூரை எடுத்து மோந்து பார்த்தார்.

“சாரு, இது எங்கூரு வேரு இல்லீங்க.”

“எல்லாம் ஒரே வேர்தாம்மா. நடு.”

“மோந்து பாருங்க. எங்கூரு வேரு இப்படியா வாசன அடிக்கும்? அது தொடப்பக் குச்சி மாதிரி நேரா நிக்கும். இத்த பாருங்க, கோழி கெளறின மாதிரி பக்கவாட்டுல ஓடிகினு கெடக்குது.”

“நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?” என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் மந்தாரக்குப்பத்து முஸ்லிம் பெண் ஒருவர், மேஸ்திரியம்மாவோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிகிறவர், “அக்கா மணல் காலேஜ் சார்! வேர்ல பட்டம் வாங்கினவங்க!” என்றார். மேஸ்திரியம்மாவும் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துபோனதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

நடவு நன்றாக நடந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சரிவின் குறுக்கே மட்டம் பார்த்து வரிசை, தூருக்குத் தூர் ஒரு கையகலம், தூரின் அடி மண்ணுக்குள் முழுதும் இறங்கும்படி ஆழம். ஒவ்வொரு வரிசையிலும் நானே குச்சி வைத்து அளந்தேன். அளவை என் நோட்டில் எழுதினேன். ஒரு வரிசைகூட ஆழம் குறையவில்லை.

புல் பிடித்தது. முதல் வருடம் அழகாக இருந்தது. இரண்டாம் வருடம் மழை தொடங்கும் முன்பு சரிவு முழுக்கப் பூத்தது.

வெட்டிவேரின் பூங்கதிர் பார்க்க அழகானது. நிமிர்ந்த காம்பைச் சுற்றிச் சுற்று சுற்றாக மெல்லிய கிளைகள், அவற்றில் இரண்டிரண்டாகச் சின்னஞ்சிறு பூக்கள். ஒன்று காம்பில்லாதது, ஒன்று காம்புள்ளது. காம்பில்லாததுதான் விதையாகும். ஊதாவும் பழுப்பும் கலந்த நிறம். மண்மேட்டின் ஒரு பக்கம் முழுக்க லேசாக ஊதாப் புகை படிந்த மாதிரி இருந்தது. நான் கீழே நின்று பார்த்தேன். சில சமயம் தெற்கத்தி வகையும் பூக்கும், பூத்தால் என்ன, விதை பிடிக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மேஸ்திரியம்மா ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். உமியை ஊதினார். கையை என் முன்னால் நீட்டினார். கையில் விதை இருந்தது.

நான்கு நாளில் மைன்ஸ் பக்கத்திலிருந்து நடவைப் பார்வையிட வரப்போவதாகச் சேதி. வருகிறவர்களில் தாவரவியல் தெரிந்தவர் ஒருவர் இருப்பார் என்றார்கள். என் வேலை போகும் என்பதைவிட, படித்தவன் என்ற பெயர் போகும் என்பதுதான் என் பயம். ஒப்பந்தக்காரர் என்னைச் சார் என்று கூப்பிட்டதற்கு அந்த ஒரு காரணம்தான் இருந்தது.

ஆய்வுக்கு முந்தின நாள் காலையில் பெண்களிடம் சொன்னேன்: “எல்லாத்தையும் முழங்கால் உயரத்துக்கு அறுத்துடுங்க. அறுத்தா தூர் நல்லாக் கட்டும்.”

அது உண்மை. மேலே அறுத்தால் கீழே புதுக் குருத்துகள் வரும், தூர் பருக்கும். பாடப்புத்தகத்தில் இருக்கிற உண்மை. அதைச் சொல்லித்தான் பொய்யை மறைத்தேன்.

மேஸ்திரியம்மா அரிவாளைக் கையில் எடுக்காமல் கேட்டார்: “தூரு கட்டணும்னா போன மாசமே சொல்லியிருப்பீங்களே சாரு?”

“இப்பத்தான் பருவம்.”

“பருவம் பூவுக்கா, ஆய்வுக்கா?”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ஏய், வாங்கடி. சாரு தூரு கட்டச் சொல்றாரு. கட்டுவோம்” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் ஏறினார். மற்ற நான்கு பேரும் பின்னால் ஏறினார்கள். சாயங்காலத்துக்குள் ஊதா நிறம் போய்விட்டது. அறுத்த கதிரையெல்லாம் கீழே குவித்தார்கள். குவியல் வெளியே தெரியக்கூடாது என்று, ஓரமாகக் குழி தோண்டிப் போட்டு மூடச் சொன்னேன்.

விதையை மறைக்க மண்ணில் புதைக்கச் சொன்ன தாவரவியல் பட்டதாரி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆய்வு நன்றாக முடிந்தது. வந்தவர் ஒரு தூரைத் தொட்டுப் பார்த்து, “நல்லாப் பிடிச்சிருக்கு” என்றார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் சரிவு இரண்டு இடத்தில் பிளந்து இறங்கியது. கீழே இருந்த பாதை மூடிப்போனது, ஒரு பம்ப் கொட்டகை பாதி புதைந்தது. யாருக்கும் அடி இல்லை. வேறு வகைப் புல்லாக இருந்திருந்தால் சரிவு நின்றிருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்து வேர் அந்த மழைக்குப் போதுமா என்பதே கேள்வி. ஆனால் சரிந்து விழுந்த மண்ணில் தூர்கள் வேரோடு பெயர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். பக்கவேர்கள், பாய் மாதிரிப் பின்னியிருந்தன. நேராக இறங்கிய வேர் குறைவு. மேஸ்திரியம்மா மோந்து பார்த்த அன்றைக்கே சொன்னது.

ஒப்பந்தக்காரர் காரணம் எழுதித் தரச் சொன்னார். என் அறையில் உட்கார்ந்து எழுதினேன். நாற்றின் வகையை எழுதினால் என் கையெழுத்து வெளியே வரும். மழையை மட்டும் எழுதினால் நம்ப மாட்டார்கள். ‘சில பகுதிகளில் நடவின் ஆழம் போதவில்லை. நடவை நேரடியாகப் பார்த்துக்கொண்டவர் பெண்கள் குழுவின் மேஸ்திரி’ என்று எழுதினேன். இரண்டு வாக்கியம்தான். கையெழுத்து அழகாக இருந்தது. அளவு எழுதி வைத்த நோட்டை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகையில் ஐந்து பேரையும் நிறுத்தி ஒப்பந்தக்காரர் அதைப் படித்தார். மேஸ்திரியம்மாவை இனிமேல் வர வேண்டாம் என்றார். மற்ற நால்வருக்கும் அடுத்த நடவுக் காலம் வரை வேலை இல்லை என்றார். அந்த நாட்களில் ஒப்பந்த ஆட்கள் எல்லோரும் ஒன்றை நம்பியிருந்தார்கள்: இடைவெளி இல்லாமல் வேலை செய்துகொண்டே வந்தால் என்றாவது ஒருநாள் ஒரு பட்டியலில் பெயர் ஏறும், அதிலிருந்து பர்மனென்ட். அந்த ஐந்து பேரும் ஒரு நாள்கூட விடாமல் வருடக்கணக்கில் வந்தவர்கள். அந்தத் தாளால் ஐந்து பேருக்கும் இடைவெளி விழுந்தது.

மேஸ்திரியம்மா ஒப்பந்தக்காரரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“சாரு, குச்சி வெச்சி அளந்தது நீங்கதான? சொல்லுங்க.”

நான் ஒப்பந்தக்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

“நோட்டுல எழுதிகினீங்களே. அத்த எடுத்தாந்து காட்டுங்க.”

“எழுதினது எழுதினதுதாம்மா” என்றேன்.

தகரத்தின் மேல் மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்களில் ஒருத்தி, “எங்க பொழப்புலயும் சேத்து மண்ணப் போட்டுட்டியே” என்றாள். என்னைப் பார்த்து அல்ல, மேஸ்திரியம்மாவைப் பார்த்து. மேஸ்திரியம்மாவின் சாப்பாட்டுத் தூக்கு அந்த முஸ்லிம் பெண்ணின் கையில் இருந்தது. இரண்டு பேரும் ஒரே தூக்கில் சாப்பிடுகிறவர்கள். அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

அதன் பிறகு நான் ஒன்பது வருடம் அதே வேலையில் இருந்தேன். ஒப்பந்தக்காரர் தொழிலை விட்டுப் போனார். நானும் ஓய்ந்தேன். என் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. நோட்டு இன்னும் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்தது.

போன மார்கழியில், வீட்டெதிரே சாக்கடை ஓரத்தில் ஒரு புல் தூர் கட்டி நிற்பதைப் பார்த்தேன். எத்தனை மாதமாக நின்றதோ. அதில் கதிர் வந்திருந்தது. ஊதாவும் பழுப்பும். ஒடித்து உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதினேன். விதை இருந்தது.

இது அந்தக் குழியிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. வாய்க்கால், லாரிச் சக்கரம், மாட்டுத் தீவனம், எதில் வேண்டுமானாலும் ஒரு விதை வரும். அதை நிரூபிக்க எனக்கு வழி இல்லை. ஆனால் கையை நீட்டிக்கொண்டு தெருவில் நின்றபோது, அந்த உள்ளங்கை அவருடையது மாதிரி இருந்தது. மறுநாள் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். நோட்டையும் எடுத்துக்கொண்டு கம்மாபுரம் பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. மேஸ்திரியம்மா வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தென்னங்கீற்றில் ஈர்க்குச்சி சீவிக்கொண்டிருந்தார். முடி முழுதும் வெளுத்திருந்தது. கை மட்டும் அதே கை.

“யாரு?”

“நான்தாம்மா. மண்மேட்டுல வேர் நட்டோமே. அந்தச் சார்.”

“ஓ. இன்னும் இருக்கிறீங்களா?”

உட்காரச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலியைக் காலாலேயே தள்ளினார். நான் கொண்டுவந்த தாளை நீட்டினேன். “எனக்கு இன்னா படிக்கத் தெரியும், நீங்களே படிங்க” என்றார். படித்தேன். நாற்றின் வகை, என் கையெழுத்து, பூவை அறுத்தது, குழி, நோட்டு, அந்த இரண்டு வாக்கியம். அவர் கத்தி நிற்கவே இல்லை. சீவிய குச்சிகள் மடியோரம் சேர்ந்துகொண்டே இருந்தன.

படித்து முடித்ததும் சொன்னார்: “நல்லா எழுதியிருக்கீங்க. அன்னிக்கு எழுதினதும் இப்படித்தான் நல்லா இருந்துச்சி.”

“இதை நீங்க யாருகிட்ட வேணும்னாலும் காட்டலாம். நான் வந்து சாட்சி சொல்றேன்.”

“யாருகிட்ட காட்டறது? பட்டியல்ல ஏர்ற வயசா இது எனக்கு? அந்த ஆளே ஊர வுட்டுப் பூட்டாரு. காயிதத்த வெச்சிகினு நான் இன்னா, அடுப்பா மூட்டுவேன்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“எங்கூட நாலு பேரு வேல செஞ்சாளுவ. பதினெட்டு வருசமா ஒருத்திகூட எங்கிட்ட பேசறதில்ல. ரோட்டுல பாத்தா மூஞ்சத் திருப்பிகினு போறாளுவ. எம் பொண்ணு கல்யாணத்துக்கு நானே வூடு வூடாப் போயி வெத்தல பாக்கு வெச்சேன். ஒருத்திகூட வரல. அவளுவளுக்கு நான் ஆழம் பாக்காம நட்டவ. எங்கூருல கொழந்தகூட வேர ஆழம் பாத்துதான் நடும். அது இருக்குது பாரு, அதான் எனக்கு ஆறல. வேல போனதுகூட இல்ல.” மூச்சு விட்டுக்கொண்டார். “அவுங்ககிட்ட போயி சொல்லு. காயிதத்துல இல்ல. வாயால சொல்லு.”

அதுவரை மரியாதையாகப் பேசியவர் அப்போதுதான் அதை விட்டார். எனக்கு அது சரியாக இருந்தது.

“போறேன்” என்றேன்.

மறுபடி மரியாதைக்குத் திரும்பினார். “அதுல ஒருத்தி செத்துட்டா. அவகிட்ட எப்படிச் சொல்லுவீங்கன்னு யோசிங்க. நீங்கதான படிச்சவரு.”

அன்றே முதல் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் மேஸ்திரியம்மாவைப் பார்த்துக் கத்தியவள் வீடு அது. ஆடு மேய்த்துவிட்டு வந்திருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்கா சார் பஸ் ஏறி வந்தீங்க? எனக்கு அப்பவே தெரியுமே. நீங்க குச்சி வெச்சி அளந்தத நானுந்தான பாத்துகினு இருந்தேன்.”

“தெரிஞ்சும் ஏம்மா அப்படிச் சொன்ன?”

“அடுத்த வருசம் எங்கள கூப்புடணுமா வேணாமா? அந்தாளு யாரத் திட்டறாரோ அவளத்தான் நாங்களும் திட்டணும். இல்லன்னா எங்களுக்கும் ஏது வேல?”

“இப்பப் போய் அவங்ககிட்டப் பேசலாமே.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்டுக்குட்டி ஒன்று அவள் முந்தானையை இழுத்தது. தட்டிவிட்டாள். “இன்னான்னு போயி நிக்கறது சார்? நீங்க தெரியாதவங்ககிட்ட சொல்ல வந்துட்டீங்க. நான் தெரிஞ்சே செஞ்சவ. போங்க.”

இரண்டாமவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று சொன்னேன். அவர் நிமிரவில்லை. முடித்தபோது, “சரி” என்றார். அவ்வளவுதான். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

மூன்றாமவரான அந்த முஸ்லிம் பெண்ணின் வீட்டுக்குப் போக எனக்கு ஆறு நாள் ஆயிற்று. அவர் வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. என் தெருவிலிருந்து இரண்டாவது தெருவில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். பல வருடமாக அங்கேதான் தீப்பெட்டியும் பிஸ்கட்டும் வாங்குகிறேன். என்னைப் பார்த்தால், “வாங்க சார்” என்பார், சாமானை எடுத்துக் கொடுப்பார். அந்தக் கொட்டகையைப் பற்றி ஒருநாளும் நாங்கள் பேசியதில்லை. அதைப் பேசாமல் இருப்பதற்காகவே வெயிலைப் பற்றியும் கரண்ட் கட்டைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம்.

காலை வெயில் ஏறிய பிறகு, ஷிப்ட் போகிறவர்கள் கூட்டம் கலைந்ததும் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. நோட்டைப் பிரித்து மிட்டாய் பாட்டில்களுக்கு நடுவில் வைத்தேன். வரிசை வரிசையாக ஆழம் எழுதிய பக்கம். அவருக்குப் படிக்கத் தெரியும். தலையில் போட்டிருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார்.

“இது என்ன சார்?”

சொன்னேன். முதலில் இருந்து கடைசி வரை. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எவ்வளவு சின்னக் காரியம் என்று தெரிந்தது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

“இந்த நோட்டு அன்னிக்கு உங்ககிட்ட இருந்திச்சா?”

“இருந்தது.”

“எங்க?”

“அலமாரியில. துணிக்கு அடியில.”

அவர் நோட்டை மூடினார். “நான் அக்காவோட தூக்க கீழ வெச்சிட்டு வந்தேன் சார். அதுல எங்க வூட்டு மீன் கொழம்பு இருந்திச்சி. அவங்களுக்குன்னு முள்ளு எடுத்து வெச்சது. சாப்பிட்டாங்களா, கொட்டினாங்களான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கிட்ட கேக்காதீங்க. நான் யாரு உங்கள மன்னிக்க? நான் கேக்க வேண்டிய எடம் ஒண்ணு இருக்குது.”

மிட்டாய் பாட்டில்களை உள்ளே நகர்த்தினார். தொங்கிக்கொண்டிருந்த பாக்கெட் சரங்களைக் கழற்றினார். கடைப் பலகையை இழுத்துப் பூட்டினார். பட்டப்பகலில் அந்தக் கடை பூட்டியதை நான் பார்த்ததே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் நடந்தார். நானும் இரண்டடி எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்த்தார்.

“நீங்க வராதீங்க சார்.”

நோட்டை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து சாக்கடை ஓரத்துப் புல்லைப் பிடுங்கினேன். தெற்கத்தி வகையாக இருந்தால் இந்த வயதில் என்னால் அசைக்கக்கூட முடிந்திருக்காது. இரண்டு இழுப்பில் வந்துவிட்டது. பக்கவேர்கள், பாய் மாதிரி. மோந்து பார்த்தேன். சாக்கடை நாற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை கதிரைப் புதைக்கவில்லை. காயவைத்து எரித்தேன்.

இரண்டு நாள் கடை பூட்டியே கிடந்தது. மூன்றாம் நாள் திறந்திருந்தது. போய் நின்றேன். எப்போதும் வாங்கும் பிஸ்கட்டை எடுத்து வைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“பாத்தேன்.”

“பேசினாங்களா?”

“பேசினோம். ரெண்டு நாள் அங்கதான் இருந்தேன்.”

காத்திருந்தேன். அவர் அடுத்து வந்தவருக்கு ஷாம்பு பாக்கெட் கிழித்துக் கொடுத்தார். அவர் போன பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. செத்துப்போனவ வூட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துட்டோம். அவ பொண்ணுகிட்ட அந்த நோட்டக் காட்டிச் சொல்லிட்டோம். உங்களுக்கு இனிமே அந்த ஊர்ல வேல இல்லியாம். வர வேணாம்னாங்க.”

“நோட்டு?”

“அவங்ககிட்ட இருக்குது.”

பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். இப்போதும் அந்தக் கடையில்தான் வாங்குகிறேன். “வாங்க சார்” என்கிறார். வெயிலைப் பற்றியும் கரண்ட் கட்டைப் பற்றியும் நாங்கள் இப்போது பேசுவதில்லை.